ராய்ஸின் கோட்டில் வைத்த தோல் ஒட்டு

ராய்ஸ்,

பேத்தியைப் பார்க்க பஸ்ஸில் துல்சாவுக்கு, நம் மகள் ஜேனல் வீட்டுக்குப் போகிறேன். பீன்ஸும் மாட்டிறைச்சியும் அடுப்பில் இருக்கின்றன. பிக்கப் வண்டிச் சாவி கதவோரக் கொக்கியில்.

உன் நல்ல கோட்டைத் தைத்துவிட்டேன். உன் இடுப்புத் துப்பாக்கியின் குறிபார்க்கும் முனை உள்துணியை உரசும் இடத்தில் மெல்லிய தோல் வைத்திருக்கிறேன், இனி கிழியாது. சட்டைகள் பிழைக்க வேண்டுமானால் அந்த முனையையும் சேர்த்து மூடுகிற உறையாக வாங்கு.

நேற்று, "பொண்டாட்டிய விட அதத்தான் இடுப்போட ஒட்டி வச்சிருக்க. எத்தனை சட்டைக்குத்தான் ஒட்டுப் போடறது?" என்று கத்தினேன். "கடையில திருடன் என் நெத்தியில துப்பாக்கிய வச்சப்ப நீ இல்ல, வெர்னா" என்றாய். அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

கோபம் சட்டைமேல் இல்லை. "அப்பா அதோட வந்தா குழந்தையத் தூக்கக் குடுக்க மாட்டேன்மா" என்று ஜேனல் சொல்லிவிட்டாள். அதை உன்னிடம் சொல்லத் தைரியமில்லாமல் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். மன்னித்துவிடு.

துப்பாக்கியைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு நாளை வா.

வெர்னா

பி.கு. போட்டோவில் பார்த்தேன், குழந்தைக்கு உன் காதேதான்.

இன்னொன்று. இடுப்பு வெறுமையாக இருந்தால் உனக்குப் படபடக்கும், தெரியும். வீட்டு வாசலுக்கு வந்ததும் வண்டியிலேயே உட்கார்ந்திரு. நான் வெளியே வருகிறேன், என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரலாம்.