செங்கல் கொண்டு எழுப்பிய சுவர்

குத்தாலம், 11-1-1971

இன்று முன்சீப் கோர்ட்டில் என் வாக்கியத்தை எனக்கே வாசித்துக் காட்டினார்கள். "கட்டடம் என்பது செங்கல் கொண்டு எழுப்பிய சுவருள்ள வீடு. மண்சுவரும் கீற்றும் கட்டடமாகா." 1958இல் பண்ணைக்காக நான் எழுதிய ஒப்பந்தம். கட்டடம் வைத்திருப்பவரைக் காலி செய்யச் சொல்லக் கூடாது. மற்றவர் கேட்டபோது மனையை விட்டுவிட வேண்டும். கீழத்தெருவின் ஒன்பது குடும்பங்கள் கைநாட்டு வைத்தன. ஒன்பதும் மண்வீடு.

குடியிருப்போருக்கே மனை என்று அரசு சட்டம் கொண்டுவரப்போவதாகப் பேச்சு. அதற்குள் இடித்துவிடப் பார்க்கிறது பண்ணை. இம்முறை நான் தெருவுக்கு வக்கீல். பண்ணையின் வக்கீல் நடராசன் படியிறங்கும்போது சொன்னார்: "என்ன பாய், நான் எழுதியிருந்தாக்கூட இவ்வளவு சுத்தமா வந்திருக்காது."

சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

13-1

கீழத்தெரு சாமிதுரை நினைவாகவே இருக்கிறது. 1951 ஜனவரியில் தன் வீட்டுச் சுவருக்குச் சூளையிலிருந்து உடைந்த செங்கல் சுமந்து வந்ததற்காக அவரைப் பண்ணைக் களத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். பொங்கலுக்குள் இறந்துபோனார். எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஏழு ஆண்டு கழித்து எழுதினேன். கட்டடம் என்பதற்கு விளக்கம் வேண்டுமே என்றதற்குப் பண்ணையார் சொன்னது: "கல்லுன்னு போடுங்க வக்கீல் சார். அங்க இனி எவனும் கல்லைத் தொடமாட்டான்."

போட்டேன்.

14-1

பொங்கல். கோர்ட் இல்லை. சாமிதுரை போய் இருபது ஆண்டு.

17-1

சாமிதுரையின் மனைவி காளியம்மாள் வந்தார்.

"அடிச்சவங்க கல்லைத் தேடலய்யா. அவரு வெச்ச மூணு வரிசை இன்னும் சுவத்துக்குள்ளதான் இருக்கு. மேல மண்ணைப் பூசிட்டேன்."

அப்படியானால் அவர் வீடு கட்டடம். அவரை அசைக்க முடியாது. வீட்டைப் பார்வையிடக் கமிஷனரை அனுப்பச் சொல்லிக் கோர்ட்டில் மனுப் போடுகிறேன் என்றேன். மற்ற எட்டு வீடு என்னாகும் என்று கேட்டார். விழும் என்றேன். வேறென்ன சொல்ல?

பிறகு கேட்டார்: "எத்தனை கல்லுன்னு எழுதியிருக்கீங்களாய்யா?"

ஒப்பந்தத்தை எடுத்து இருமுறை படித்தேன். இல்லை.

"சரிங்கய்யா" என்று எழுந்து போனார்.

18-1

அவர் ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியாது — இப்படி எழுதி வைக்கத்தான் நோட்டைத் திறந்தேன். பொய்.

25-1

கோர்ட் அனுப்பிய கமிஷனர் ரெத்தினம் வந்தார். முதல் வீட்டின் வாசலோரம் மண்ணைச் சுரண்டியிருந்தார்கள்; உள்ளே செங்கல். இரண்டாவதிலும். எட்டாவது வரைக்கும். ஒன்பதாவது காளியம்மாளுடையது: மூலையில் ஒரே ஒரு கல்.

நடராசன் பூச்சைத் தொட்டுப் பார்த்தார். "ஈரம் காயல சார். நேத்து வெச்சது."

"கல்லு பழசுங்க" என்றார் காளியம்மாள். "எங்க வீட்டுக்காரரு தூக்கியாந்தது. பண்ணையைக் கேளுங்க, அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

கூட வந்திருந்த பண்ணைக் காரியஸ்தர் அங்கிருந்து நகர்ந்தார்.

எத்தனை கல், எப்போது வைத்தது என்று ஒப்பந்தத்தில் உண்டா என்று கமிஷனர் என்னைக் கேட்டார். இல்லை என்றேன். வேறு எதையும் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

2-2

கமிஷனர் அறிக்கை: வீடு ஒன்பது, ஒன்பதும் கட்டடம். தீர்ப்பு வரும்வரை இடிக்கத் தடை.

சொல்லிவிட்டு வரக் கீழத்தெருவுக்குப் போனேன். காளியம்மாள் வீட்டுக்கு முன்சுவர் இல்லை. கல்லை உருவியபின் மண் நிற்கவில்லை. முந்தாநாள் மழையில் சரிந்துவிட்டதாம். அந்த இடத்தில் சாக்குத் தொங்குகிறது. மூலையில் அந்த ஒற்றைக் கல்.

"உள்ள வாங்கய்யா" என்று சாக்கைத் தூக்கிப் பிடித்தார்.

குனிந்து போனேன்.