கிலுகிலுப்பை காய்க்கவில்லை

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான் சௌக்கியம். அங்கே உங்கள் காதும் தொண்டையும் கெடாமல் இருந்தால் அதுவே போதும். போன் செய்திருக்கலாம். ஆனால் டெலிபோன் கம்பெனியில் நாள் முழுக்க ஊரார் புகாரைக் கேட்டுவிட்டு வருகிறவருக்கு, ராத்திரி என் புகாரும் எதற்கு என்றுதான் காகிதத்தை எடுத்தேன்.

ஆனாலும் இது புகார்தான். நேற்று பக்கத்து வெல்டிங் கடைக்காரர் டேப்பும் கையுமாக நம் பின்பக்கம் வந்து நின்றார். "என்னண்ணே அளக்கிறீங்க?" என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியாதா? இந்த இடத்தை எனக்கே தர்றதா உங்க அண்ணி சொல்லிட்டாங்களே. பைப் அடுக்க ஒரு ஷெட் போடணும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அப்பா எழுதி வைத்தபடி வீடு எனக்கு, பின்பக்க நிலம் அண்ணனுக்கு, அண்ணனுக்குப் பிறகு உங்களுக்கு. விற்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அதை அவர் வாயால் கேட்கும்படி ஆகிவிட்டதே, அதுதான் வருத்தம்.

இதில் என் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தைப் புதர் புதர் என்று திட்டினவள் நான்தான். "பாம்பு வரும், வெட்டிப் போடுங்க" என்று அண்ணனோடு மல்லுக்கு நின்றவளும் நான்தான். அண்ணன் மீட்டர் ரீடிங் எடுக்கப் போகிற தெருவெல்லாம், காலி மனையிலும் மதில் ஓரத்திலும் முளைத்துக் கிடந்த காட்டுச் செடிகளின் விதையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து தூவுவார். கடையில் விற்கிற செடி ஒன்றுகூடக் கிடையாது. "நம்ம மண்ணோடது மட்டும்தான்" என்பார். அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, நீங்களும் மாற்றல் வாங்கிக்கொண்டு வெளியூர் போய்விட்டீர்கள். யாரும் தண்ணீர்கூட ஊற்றவில்லை. எல்லாம் பூத்து நிற்கின்றன. வெல்டிங் கடைக்காரர் செருப்புக் காலால் ஒரு கொத்தை ஒதுக்கினபோது, அந்த ஆளைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாள் பொறுங்களேன் அண்ணி.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்

*

மார்ச் 14

அன்புள்ள பல்லிக்கு,

உன் அண்ணன் உனக்கு வைத்த பேர்தான் எழுத உட்கார்ந்தால் கைக்கு வருகிறது. கோபித்துக்கொள்ளாதே. உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ அழுவாய், நானும் மனசு மாறிவிடுவேன் என்று பயந்து சொல்லாமல் விட்டேன்.

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள் என்றால் அது அந்தப் புதர்தான். பெண்ணாக இருந்தால் முடியைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். செடியை என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவர் அங்கே குந்தி உட்கார்ந்துகொண்டு கையில் லென்ஸோடு இலைக்கு அடியில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். நான் காபியைக் கொண்டுபோய் வைத்தால் அது ஆறி, எறும்பு மிதக்கும். துணியை மெஷினில் போட்டால் பையிலிருந்து விதை கொட்டிக் குழாய் அடைத்துக்கொள்ளும். என்னிடம் பேசினது என்று பார்த்தால் "சாவி எங்க?", "சாப்பாடு ஆச்சா?" இவ்வளவுதான். என்னோடு பேசாத மனுஷன் செடியோடு என்ன கொஞ்சல் என்று எத்தனையோ நாள் வெந்திருக்கிறேன். அவர் போன பிறகும் அந்த இடம் செழிப்பாக நிற்கிறது என்று நீ எழுதினதைப் படித்தபோது பற்றிக்கொண்டு வந்தது.

சரி, நீ கேட்டதற்காகப் பொறுக்கிறேன். ஜூன் முடியட்டும். அதற்குள் எனக்கு ஒரு காரணம் சொல். அண்ணன் ஞாபகம் என்று சொல்லாதே. அது என்னிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. அந்தச் செடிகளால் யாருக்கு என்ன பிரயோஜனம், அதைச் சொல்.

வேளைக்குச் சாப்பிடு. பல் செட் பட்டறைத் தூசியில் முகமூடி இல்லாமல் உட்காராதே.

அண்ணி

*

ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணிக்கு,

காரணம் தேடி அலைகிறேன். முதலில் அங்கே இருப்பது என்னென்ன என்று தெரிந்தால்தானே பிரயோஜனம் தெரியும்? அண்ணன் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்கவில்லை. நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்தேன். புத்தகத்தில் இருக்கிற பூ தோட்டத்தில் இல்லை, தோட்டத்தில் இருக்கிற பூ புத்தகத்தில் இல்லை. வெள்ளையில் மட்டும் நான் ஏமாற மாட்டேன். பல் செட் செய்கிறவளுக்குப் பதினாறு வெள்ளை அத்துப்படி. தும்பையை அப்படித்தான் கண்டுபிடித்தேன். எந்தப் புதுப் பல்லிலும் அந்த வெள்ளை வராது. அதோடு என் படிப்பு முடிந்தது.

இடுப்பு உயரத்தில் ஒரு செடி. மஞ்சள் பூ, கிளியின் மூக்கு மாதிரி நுனி வளைந்திருக்கிறது. தண்டின் மேலே வரிசையாக ஏறிப் போகிறது. பெயர் தெரியவில்லை. அதைவிடப் பெரிய குழப்பம், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி வருகிறது. இவ்வளவு பூ இருக்க, அதே செடியில் ஒடிந்து காய்ந்துபோன ஒரு குச்சியைக் கட்டிக்கொண்டு காலையெல்லாம் உட்கார்ந்திருக்கிறது. விரட்டினாலும் திரும்பி அதே குச்சிக்குத்தான் வருகிறது. அதற்கு மூளை பிசகா, எனக்கா என்று தெரியவில்லை.

பட்டறையில் முதலாளி "என்னம்மா, பல்லுக்கு இலைப்பச்சை அடிக்கிறே" என்று கிண்டல் செய்கிறார். என் நகக்கண்ணைப் பார்த்துச் சொன்னது. சிரித்து வைத்தேன்.

உங்கள் பல்லி

*

ஏப்ரல் 21

அன்புள்ள பல்லிக்கு,

அது கிலுகிலுப்பை. காய் முற்றிக் காய்ந்ததும் உள்ளே விதை உதிர்ந்து, ஆட்டினால் குழந்தை பொம்மை மாதிரி கிலுகிலுக்கும்.

குச்சியில் உட்காருகிற பூச்சிக்குப் பைத்தியம் இல்லை. ஆண் பூச்சி மட்டும்தான் அப்படிச் செய்யும். அந்தச் செடிக்குள் ஒரு கசப்பு இருக்கிறது. காய்ந்த இடத்தைச் சுரண்டி அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, அந்த வாசனையை வைத்துத்தான் பெண் பூச்சியை மயக்கும். பெண்ணை மயக்க ஏதாவது செய்ய வேண்டும் என்கிற அறிவு பூச்சிக்காவது இருக்கிறதே.

ஆனால் இது காரணம் ஆகாது. ஒரு பூச்சியின் கல்யாணத்துக்காக நான் நிலத்தைப் போட்டு வைக்க முடியுமா? வெல்டிங் கடைக்காரர் மறுபடி போன் செய்தார். ஜூன் கடைசிவரை என்று சொல்லியிருக்கிறேன்.

இங்கே வெயில். பக்கத்து சீட்டுக்காரி வேலையை விட்டுவிட்டாள். அவள் பங்குத் திட்டும் இப்போது எனக்கே.

அண்ணி

*

மே 20

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சொன்ன கிலுகிலுப்பைக் காய்க்காகத் தவம் கிடக்கிறேன். பூ கொட்டுகிறது, மறுபடி பூக்கிறது, மறுபடி கொட்டுகிறது. காய் மட்டும் பிடிக்கவில்லை. முன்பு ஒன்றிரண்டு பிடித்தது, இப்போது அதுவும் இல்லை. இத்தனைக்கும் நான் கை வைத்த பிறகு இடம் பளிச்சென்று ஆகிவிட்டது. இனி யாரும் புதர் என்று சொல்ல முடியாது. செய்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இலைகளில் சொத்தை விழுந்திருந்தது. ஓரத்தில் வட்ட வட்டமாக, டிக்கெட் குத்துகிற மெஷினால் குத்தின மாதிரி. பரவிவிடுமே என்று சொத்தை விழுந்த இலை அத்தனையையும் கத்தரித்தேன். பின் சுவரில் அண்ணன் ஒரு தடித்த மரக்கட்டையை மாட்டியிருந்தார், ஞாபகம் இருக்கிறதா? அதிலும் முகம் முழுக்க ஓட்டை. பல ஓட்டைகளில் பல்லிடுக்கில் கீரை மாட்டினாற்போல இலைத்துண்டு திணிந்து கிடந்தது. குத்தி இழுத்தால் உள்ளேயிருந்து ஈரமாக மஞ்சள் மாவு. சீழ் வைத்துவிட்டது என்று நினைத்தேன். பட்டறைக் கொக்கியால் நன்றாகச் சுரண்டி எடுத்துவிட்டு, அச்சு எடுக்கிற பிளாஸ்டரைக் குழைத்து ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்து, காய்ந்ததும் தேய்த்து வழவழவென்று ஆக்கிவிட்டேன். முதலாளி பார்த்தால் சம்பளத்தை ஏற்றியிருப்பார்.

ஒன்றுதான் புரியவில்லை. அதற்குப் பிறகு கறுப்பாக ஒரு ஈ மாதிரி இரண்டு மூன்று வந்து அந்தக் கட்டையில் முட்டி முட்டிப் போகின்றன. ஒன்று காலுக்கடியில் பச்சையாக எதையோ சுருட்டிக்கொண்டு வந்து, வெகுநேரம் சுற்றிவிட்டு, அதைக் கீழே போட்டுவிட்டுப் போயிற்று. எடுத்துப் பார்த்தேன். வட்டமான இலைத்துண்டு.

உங்கள் பல்லி

*

மே 25

பல்லி,

போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. பட்டறை மோட்டார் சத்தத்தில் கேட்டிருக்காது. அதனால் கூரியரில் அனுப்புகிறேன். இதைப் படித்ததும் போட்டது போட்டபடி போய் அந்தப் பிளாஸ்டரை எடு. மெதுவாக எடு. ஆழமாகக் குத்தாதே.

அது சொத்தை இல்லை. அந்த ஓட்டைகளை உன் அண்ணன் டிரில் வைத்துப் போட்டார். கட்டை அசையாமல் நான்தான் பிடித்துக்கொண்டேன். கண்ணில் மரத்தூள் விழுந்து அன்றைக்கு ஒரு சண்டை. வட்டமாக இலை வெட்டுவது ஒரு தேனீ. கூட்டம் சேராது, அடை கட்டாது, யாரையும் வலியப் போய்க் கொட்டாது, தன்னந்தனி ஆள். இலையை வெட்டிச் சுருட்டி வந்து ஓட்டைக்குள் மெத்தை போடும். பூந்தூளை உருட்டி உள்ளே வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டை இட்டு, இலையாலேயே கதவு சாத்தும். பிறகு அடுத்த அறை, அதற்கடுத்த அறை. நீ கீரை என்று இழுத்துப் போட்டது அதைத்தான். சீழ் என்று சுரண்டினது அந்தக் குஞ்சுகளுக்கு வைத்த சோறு.

கிலுகிலுப்பைப் பூவின் வாய் இறுக்கம். சும்மா வருகிற பூச்சிக்குத் திறக்காது. இந்தத் தேனீ மாதிரி பலமான ஆள் உட்கார்ந்து அழுத்தினால்தான் திறக்கும். வீட்டை அடைத்து ஆளையும் விரட்டிவிட்டுக் காய் எங்கே என்று கேட்டால் எங்கிருந்து வரும்?

திட்டவில்லை. உனக்கு எப்படித் தெரியும், பாவம். சீக்கிரம் போ.

அண்ணி

*

ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

எடுத்துவிட்டேன். செட் பல்லை ராவுகிற சின்ன மோட்டாரைப் பட்டறையிலிருந்து இரவல் வாங்கி வந்து, ஊதி ஊதி எடுத்தேன். மேலாக இருந்ததெல்லாம் போய்விட்டது. ஏற்கெனவே என் கையாலேயே சுரண்டிப் போட்டதுதானே. சில ஓட்டைகளில் கொக்கி எட்டாத ஆழத்தில் இலைச் சுருள் குலையாமல் இருக்கிறது. உள்ளே உயிர் இருக்கிறதா என்று தெரியவில்லை. திறந்து பார்க்கத் தைரியம் இல்லை.

இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை அண்ணி. ஒரு பூச்சிக்காக இப்படி ஆவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நன்றாகச் செய்துவிட்டோம் என்று எவ்வளவு பெருமையாகத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், அதை நினைத்தால்தான் தாங்கவில்லை. நீங்கள் கேட்ட காரணம் என்னிடம் இல்லை. இருந்த காரணத்தையும் பிளாஸ்டர் போட்டு அடைத்தவள் நான். வெல்டிங் கடைக்காரர் இன்று காலையும் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "ஜூன் முடியப்போகுதேம்மா" என்றார். விற்பதானால் விற்றுவிடுங்கள். நான் குறுக்கே நிற்க மாட்டேன். கட்டையை மட்டும் கழற்றி என் ஜன்னல் பக்கம் மாட்டிக்கொள்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். கேட்கலாமா கூடாதா என்று தெரியவில்லை, கேட்டுவிடுகிறேன். கிலுகிலுப்பை, அந்த ஆண் பூச்சி, இலை வெட்டுகிற தேனீ, பூவின் வாய் இறுக்கம், இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? புத்தகம் பார்த்தீர்களா? நான் புரட்டின புத்தகம் எதிலும் இல்லையே. அண்ணன் உங்களிடம் பேசவே மாட்டார் என்றுதானே எழுதியிருந்தீர்கள்? இதே வீட்டில் கூடவே இருந்த என்னிடம் அவர் இதில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உங்கள் பல்லி

*

ஜூன் 27

அன்புள்ள பல்லிக்கு,

உன் கடிதம் வந்து இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் வேலை இல்லை. உன் கேள்விக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

நான் புத்தகம் எதுவும் பார்க்கவில்லை. நீ பூவைப் பற்றி எழுதினாய், என் கை தானாகப் பதில் எழுதியது. எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. நீ கேட்ட பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். அவர் இதையெல்லாம் எப்போது சொன்னார்? என் முகத்தைப் பார்த்துச் சொன்னதாக ஒரு நாளும் ஞாபகம் வரவில்லை. நான் துணி மடித்துக்கொண்டிருப்பேன், அல்லது வேலை முடிந்து காது இரைச்சலோடு கண்ணை மூடிப் படுத்திருப்பேன். பக்கத்து அறையிலோ வாசல்படியிலோ ஒரு குரல் ஓடிக்கொண்டே இருக்கும். தனக்குத்தானே முனகுகிறார் என்று நினைத்திருந்தேன் போல. எனக்கா சொன்னார்? எனக்கில்லை என்றால் வேறு யாருக்கு? உன்னிடமும் சொல்லவில்லை என்கிறாயே. பேசவே பேசாத மனுஷனிடமிருந்து எனக்கு இவ்வளவு எப்படி வந்து சேர்ந்தது? இனிக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை.

நேற்று வேலையில் ஒருவர் லைனில் வந்து, ஒரு வாரமாக இணைப்பு இல்லை என்று கத்தினார். நான் "சொல்லுங்க சார், கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றேன். தினமும் நூறு பேரிடம் சொல்கிற வார்த்தைதான். சொன்னவுடனே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் போன அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை பல்லி. பேசாத மனுஷனுக்கு எவ்வளவு அழ முடியுமோ அவ்வளவுதான் அழுதேன். நேற்று ஹெட்போனைக் கழற்றக்கூடத் தோன்றாமல் அப்படியே அழுதேன். லைனில் இருந்தவர் பயந்துபோய், "அய்யோ, பரவாயில்லம்மா, நாளைக்குப் பாத்துக்கலாம், நீங்க அழாதீங்க" என்றார்.

இன்று காலை வெல்டிங் கடைக்காரரைக் கூப்பிட்டு இடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். "என்னம்மா திடீர்னு, என்ன காரணம்?" என்றார். "தெரியலீங்க" என்றேன். அவர் நம்பவில்லை. உண்மை அதுதான்.

லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருகிறேன். வந்த அன்றைக்கு என்னோடு எதுவும் பேசாதே, நானும் பேச மாட்டேன். பின்பக்கம் போய்க் குந்தி உட்காரப் போகிறேன். காபி மட்டும் கொண்டுவந்து வை.

அண்ணி