காது மடலில் ஆறாத புண்

அம்மு,

சோறு குக்கர்ல இருக்கு. முதல்ல சாப்பிடு, அப்புறம் இதைப் படி.

எனக்கு முடி வெட்டிவிடும்போது, காது மடல்ல புண் ஆறாமலே இருக்குன்னு ஆறு மாசம் முன்னாடியே சொன்னே. "கூரை வேலைக்காரனுக்கு வெயில் புதுசா? கறுப்புத் தோலுக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு கத்தினேன். அன்னிக்குக் கத்திரிக்கோலை வச்சவதான், அப்புறம் நீ என் தலையைத் தொடவே இல்லை.

உனக்குத் தெரியாம டாக்டர்கிட்ட போய்க் காட்டினேன். புண்ணுல கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க. திங்கட்கிழமை ரிசல்ட் வந்துச்சு. தோல் புற்றுநோயாம். கழுத்துல நெறி கட்டியிருக்கே, அதுக்கும் பரவிடுச்சு. "இருபது வருஷ வெயில். கறுப்பா இருந்தா வராதுன்னு யார் சொன்னது?"ன்னு டாக்டர் கேட்டார். இன்னிக்குப் பாதிக் காதையும் கழுத்துக் கட்டியையும் எடுக்கிறாங்க.

என் தம்பி, உன் கொழுந்தன், இன்னும் வெறுந்தலையோடதான் கூரையில நிக்கிறான். காதை மூடுற தொப்பி, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன் எல்லாம் கட்டில்மேல வச்சிருக்கேன். நான் கொடுத்தா சிரிப்பான். நீ நாலு திட்டு திட்டிக் கொடு.

மாற்றுச் சாவி பக்கத்து வீட்டு அக்காகிட்ட இருக்கு.

பி.கு: பெரிய ஆஸ்பத்திரி, மூணாவது மாடி. வர வேண்டாம்னு எழுதத்தான் உட்கார்ந்தேன். பயமா இருக்கு. வந்துடு.