வெளியிலிருந்து திறக்கும் தாழ்ப்பாள்

தோகா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு, நித்யா வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

குளியலறையின் புதுக்கதவுக்குச் சிதம்பரம் கடையில் அலுமினியத் தாழ்ப்பாள்தான் கிடைக்கிறது, மலிவு என்றீர்கள். கடலூரில் ஸ்டீல், தரம் ஜாஸ்தி என்றீர்கள். இரண்டும் வேண்டாம். இங்கே ஒரு பெரிய கடையில், உள்ளே தாழிட்டாலும் வெளிப்பக்கப் பள்ளத்தில் ஒரு காசை வைத்துத் திருகினால் திறக்கிற ஒன்றைப் பார்த்தேன். விலை கூடத்தான், வாங்கிவிட்டேன். என்னோடு வேலை பார்க்கும் சார்லஸ் அடுத்த வாரம் ஊருக்கு வருகிறார், கொடுத்தனுப்புகிறேன்.

கடையில் ஒரு வேடிக்கை. மாதிரிக்கு நிறுத்தியிருந்த கதவை என்னையறியாமல் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறேன். விற்பனையாளர் நம் ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். "உள்ள யாரும் இல்லீங்க மேடம், பின்னாடி சுவருதான்" என்றார். சிரித்துவிட்டு வந்தேன்.

பழைய கதவுக்குக் கடலூரில் மூன்று கடை ஏறி இறங்கி, இருப்பதிலேயே உறுதியான தாழ்ப்பாளைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான் அப்பா. அம்மா உள்ளே விழுந்த அன்று, நீங்கள் கடப்பாரையால் நெம்பியும் அரைமணி நேரம் அது விடவில்லை.

புதியது வரும்வரை கதவை உள்ளிருந்து கயிற்றால் கட்டாமல், சும்மா சாத்திக்கொண்டு குளியுங்கள். மாட்டிய பிறகு ஒரு ரூபாய்க் காசு ஒன்றை எதிர்வீட்டு அமராவதி அத்தையிடம் கொடுத்து வையுங்கள். தினமும் காலையில் உங்களுக்கு ஒரு குரல் கொடுக்கச் சொல்லுங்கள். எதற்கென்று அத்தை கேட்கமாட்டார். அன்று உங்களோடு நின்று கதவைத் தட்டியவர்தானே.

கம்பெனி வண்டி வந்துவிட்டது.

உங்கள்
நித்யா