கூழ்ப் பானையும் எரிமலையும்

நேற்று மத்தியானம் நம் மகள் வந்தாள். வாசலில் அவள் கழற்றிப் போட்ட பூட்ஸை எடுத்துத் தரையில் தட்டினேன். கறுப்பு மணல் கொட்டியது. லேசாகத் தீக்குச்சி கிழித்த வாசனை. "அம்மா, அது எரிமலச் சாம்பல், பெருக்கித் தள்ளிடாத!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். உன் பூட்ஸைத் தட்டிப் பழகிய கை, அதுபாட்டுக்குத் தட்டிவிட்டது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? அதனால் எழுதுகிறேன்.

காக்களூர் ஃபவுண்டரியில் நீ இரும்பு உருக்கிய காலம் முழுக்க உன் பூட்ஸிலிருந்தும் கறுப்பு மணல்தான், வார்ப்பு அச்சுக்குப் போடுகிற மணல், கொட்டியது. மணவாள நகரில் வாசலை இரண்டு தரம் பெருக்கிய பொம்பளை நான் ஒருத்திதான். தினமும் திட்டுவேன். நீ வாயே திறக்கமாட்டாய். கோபம் வந்தாலும் அதே முகம், சந்தோஷம் வந்தாலும் அதே முகம். உன்னோடு சண்டை போடுவது சுவரோடு சண்டை போடுவது போலத்தான்.

அந்த ஆடி மாதத்தை எப்படி மறப்பேன்? அவளுக்குச் சென்னையில் நிலவியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். நர்ஸிங் என்று மனதுக்குள் முடிவு கட்டி வைத்திருந்த நீ, போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாலு நாள் வீட்டில் பேச்சே இல்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மனுக்கு ஊற்றுவதற்காகக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கவரைப்பேட்டையிலிருந்து உன் தம்பி வந்தார். வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார்.

"கல்லப் பத்திப் படிச்சிட்டு இன்னாண்ணே பண்ணுவா? ரயில்வே லைன் ஓரமா எவ்ளோ கல்லு கெடக்குது, அதுக்கு ஒரு காலேஜா?"

அவள் சித்தப்பாவோடு வாதாடவில்லை. என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள். அடுப்பைத் தணித்திருந்ததால் பானையின் ஓரமெல்லாம் ஏடு படிந்து, நடுவில் மட்டும் பொளக் பொளக்கென்று கொப்பளித்துக்கொண்டிருந்தது.

"நைனா, இங்க வந்து பாரேன். பூமி மேல இருக்கற கல்லும் இந்த ஏடு மாரிதான், துண்டு துண்டா நகந்துகினே இருக்கும். ரெண்டு துண்டு வெலகுனா நடுவுல சூடா மேல வரும். கடலுக்கு அடியில நெறைய எரிமல அப்பிடித்தான். சில எடத்துல, அடியில சூடு ஜாஸ்தியா இருந்தா, துண்டுக்கு நடுவுலயே பொத்துக்கினு வரும். ஒரு துண்டு இன்னொண்ணுக்கு அடியில பூந்தாலும் வரும். அந்தமான் பக்கம் அப்பிடி. கீழ போற துண்டு தண்ணியயும் இழுத்துக்கினு போவும். அந்தத் தண்ணி கலந்தா மேல இருக்கற சூடான கல்லு உருகிடும்."

நாலு நாளாகக் குனிந்திருந்த உன் தலை நிமிர்ந்தது.

"தண்ணியா? ஈர ஸ்கிராப்பு ஒண்ணு ஃபர்னஸ்ல வுழுந்தாலே வெடிச்சி ஆளத் தூக்கிடுமே!"

"அதேதான் நைனா! உள்ள மாட்டிக்கின ஆவிதான் வெடிக்கும். உருகுன கல்லுக் கொழம்பு நீர்க்க இருந்தா ஆவி ஈஸியா போய்டும். அமைதியா தூரமா ஓடும், மல கவுத்த கேடயம் மாரி அகலமா தாழ்வா இருக்கும். களி மாரி கெட்டியா இருந்தா ஆவி போக வழியில்ல. சேந்து சேந்து ஒரு நாள் வெடிக்கும்."

"சூடு ஜாஸ்தியானாதான் வெடிக்கும்னு நெனச்சேன்."

"ரொம்ப சூடானது பெரும்பாலும் நீர்க்க ஓடிடும் நைனா."

எனக்குக் குறும்பு தாங்கவில்லை. நம் வீட்டில் யார் எந்த எரிமலை என்று கேட்டேன்.

"நீ கேடய எரிமலம்மா. பொழுதுக்கும் வழிஞ்சிக்கினு இருப்ப, பெருசா ஆபத்தில்ல. சித்தப்பா கங்குக் கூம்பு. சின்னச் சின்னக் கல்லா வீசும், அதுவே சுத்தியும் குவிஞ்சி குட்டி மலையாயிடும். கொஞ்ச நாள்ல அடங்கிடும்."

உன் தம்பிதான் முதலில் சிரித்தார். நைனா என்ன என்று அவரே கேட்டார். அவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"நைனா அடுக்கு எரிமல. ஒரு வாட்டி கொழம்பு, ஒரு வாட்டி சாம்பல்னு அடுக்கடுக்கா ஒசந்து நிக்கும். ரொம்ப நாள் சும்மா இருக்கும். உள்ள இன்னா இருக்குதுன்னு வெளிய தெரியாது. அதான் பயமா இருக்குது."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. நீ அவளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"நாளைக்கு நானே இட்டுக்கினு போயி வுடறேன்" என்றாய். பிறகு, "ஒண்ணு கேட்டுக்க. சூடு கிட்ட போவும்போது பேண்ட்ட பூட்ஸுக்குள்ள சொருவாத. வெளிய தொங்க வுடு. இல்லாட்டி பொறி உள்ள பூந்துடும்."

இன்னும் வகுப்பறை வாசலைக்கூட மிதிக்காத பெண்ணுக்கு இப்படியொரு புத்திமதி! அன்று சிரித்த சிரிப்பில் கூழ் அடிப்பிடித்தது. அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை.

நீ கண்ணை மூடிய அன்று உன்னோடு வேலை செய்தவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவராக அவளிடம், "எரிமலப் பொண்ணு நீதானாம்மா?" என்று கேட்டார்கள். வீட்டில் வாய் திறக்காத மனுஷன், உலை முன்னால் நின்று மகளைப் பற்றிப் பேசியே தீர்த்திருக்கிறாய்! கேட்டதும் அழுகையோடு கோபமும் வந்தது. அதில் பாதியை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

இப்போது அவள் ஆராய்ச்சிக் குழுவோடு கப்பலில் போய், அந்தமானுக்கு அப்பால் ஆளில்லாத எரிமலைத் தீவில் இறங்கி ஏறி வந்திருக்கிறாள். பெரிய வாய்க்கு நடுவே ஒரு குட்டிக் கூம்பு இருக்கிறதாம். அதற்குச் சித்தப்பா என்று பெயர் வைத்திருக்கிறாள். உன் தம்பி அதைக் கம்பெனி பஸ் முழுக்கச் சொல்லிவிட்டார்.

போனில் படம் காட்டினாள். கறுப்புச் சரிவில் ஏழெட்டுப் பேர் வரிசையாக நிற்கிறார்கள். எல்லாருடைய பேண்ட்டும் பூட்ஸுக்குள். நம் மகளுடையது மட்டும் வெளியே தொங்குகிறது.

"எல்லாரும் சொன்னாங்கம்மா, அங்க பொறியெல்லாம் இல்ல, மணலுதான் உள்ள பூந்துடும், சொருவிக்கோன்னு. நைனா சொன்னதுக்கு அப்புறம் எனக்குச் சொருவ மனசு வரல."

அவள் பூட்ஸில் அவ்வளவு மணல் இருந்தது அதனால்தான்.

அந்த மணலை ஊறுகாய் பாட்டிலில் போட்டு உன் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் என்ன இது என்று கேட்கிறார்கள். கேட்காதவர்களிடம் நானே எடுத்துக் காட்டுகிறேன். உட்கார வைத்து, கூழ்ப் பானையிலிருந்து ஆரம்பித்து, உன் பெண் நின்ற மலை வரைக்கும் சொல்லித்தான் அனுப்புகிறேன். நான் கேடய எரிமலை இல்லையா, வழியத்தானே செய்வேன்.