கிளியூர் அருவிப் படிகள்

அக்கா,

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏற்காடு போய் வந்து எனக்கும் ஒரு தைலக் குப்பி கொடுத்தார்கள். மூடியைத் திறந்தேன். அன்றைக்கு வேனில் உன் நெஞ்சில் தேய்த்துக்கொண்டே வந்தேனே, அதே வாசனை.

உன் புருஷன் வீட்டார் வேன் பிடித்துக் கிளம்பியபோது என்னையும் கூப்பிட வைத்தது நீதான். கல்யாணமாகி வேப்பூர் போன பிறகு நீ எங்கேயும் போனதில்லை. "மலைய இன்னிக்குத்தான்டி கிட்டக்கப் பாக்குறேன்" என்று ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு வந்தாய்.

ஏரியில் படகு ஏறப் போனோம். "இவ ஏறுனா போட்டே முழுவிடும்" என்றார் உன் புருஷன். வரிசையில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். நீயும் சிரித்துவிட்டு, எல்லார் பைகளுக்கும் காவலாகக் கரையில் உட்கார்ந்துகொண்டாய்.

கிளியூர் அருவிக்கு இறங்கும்போது மாற்றுத்துணி மூட்டை உன் தலையில். வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். "வூட்டு மருமவ தூக்குவா, நீ வுடு" என்றார் உன் மாமியார். பாதிப் படியில் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். வேர்த்துக் கொட்டியது. உன் புருஷன் மூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார். "நடிக்கிறா. குளிச்சிட்டு வர்ற வரைக்கும் கெடக்கட்டும்."

அருவிச் சத்தம் கேட்டது, அருவி தெரியவில்லை. குளித்து ஏறி வந்த யாரோ ஒருத்தி கூந்தலை உதற, உன் முகத்தில் தண்ணீர் தெறித்தது. "பாத்தியா, நானும் குளிச்சிட்டேன்" என்றாய்.

அவர்கள் குளித்து வந்த பிறகு உன்னைத் தாங்கிப் பிடித்து வேனில் ஏற்றியதும் டிரைவர், "இங்கயே ஆஸ்பத்திரி இருக்குதுங்க, காட்டிடலாம்" என்றார்.

"எறங்குனப்புறம் சேலத்துல பாத்துக்கலாம். இன்னும் ஒரு எடம் பாக்கணும்" என்றார் உன் புருஷன்.

நான் கத்தினேன், கெஞ்சினேன். மலை விளிம்பில் வேன் நின்று எல்லாரும் இறங்கியதும், "நீங்களாச்சும் ஓட்டுங்கண்ணா" என்று டிரைவரிடம் அழுதேன். அவர் வண்டியைக் கிளப்பவும் செய்தார். உன் புருஷன் ஓடிவந்து சாவியை உருவிக்கொண்டார். "வண்டி நான் பேசுனது" என்றார். பள்ளத்தாக்கைப் பின்னால் வைத்து அவர்கள் ஃபோட்டோ எடுத்து முடிக்கும்வரை, உன் தலை என் மடியில் இருந்தது. மலை இறங்கும் வழியில், ஒரு வளைவில், உன் மூச்சு நின்றது.

காரியத்தன்று பந்தலில் உன் புருஷன் சொன்னார்: "என்னாத்துல கொற வச்சேன்? ஊரெல்லாம் சுத்திக் காட்டித்தான் அனுப்பி வச்சேன்." வந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் எழுந்து, "சாவிய எதுக்கு மாமா உருவுனீங்க?" என்று கேட்டேன். உன் மாமியார் பந்திக்கு இலை போடச் சொன்னார்.

அந்த வீட்டில் இப்போது வேறொருத்தி இருக்கிறாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. இங்கே விருத்தாசலத்தில், செராமிக் கம்பெனியில் தரையில் உட்கார்ந்து அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரப் பிசிறைத் துடைக்கும்போது, நீ தலைவைத்திருந்த தொடை மரத்துப்போகிறது. "காலை நீட்டி ஒக்காருங்கக்கா" என்பாள் பக்கத்தில் இருப்பவள்.

நான் நீட்டுவதில்லை.