போன வருஷத்து மலை

மேல் மலைக்குடில்,
ஜூன் 29

என் அருமை எய்விந்துர்,

மகிழ்வோடும் ஆசியோடும் இரு. இதைப் பொதி வண்டிக்கார ஸ்காப்தியிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படிப்பான். படிக்கட்டும், அவனுக்கும் எழுத்துக் கூட்டிப் பழக்கம் வேண்டும். வயர்லெஸ்ஸில் பேசினால் தெற்குக் கடற்கரையே வேலையைப் போட்டுவிட்டுக் கேட்கும். நேரில் பேசலாமென்றால் வழிகாட்டி உன்னைச் சுற்றி எப்போதும் ஜெர்மன் பயணிகள் கூட்டம்.

கீழ்க்குடிலுக்கு வந்திருக்கும் புதுக் காவலாளி சூப்பில் ஆட்டிறைச்சியைப் போடுவதில்லையாம், காட்டிவிட்டு எடுத்துவிடுகிறானாம். நான் இந்த வருஷம் இன்னும் கொஞ்சம் பெருத்திருக்கிறேன். குடிலின் வாசல் ஈரத்தில் சுருங்கிவிட்டது என்று விருந்தாளிகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி விஷயம். வியாழக்கிழமை நீ உள்ளே நுழைந்ததும் கதவோரம் தொங்கிய என் மழைக்கோட்டிடம், "என்னம்மா ஹால்வெய்க், இப்படி இளைச்சுப் போயிட்ட?" என்று கேட்டாய். நான் அடுப்படியில் நின்றிருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கோட்டோடு என்னை ஒருவர் சேர்த்துப் பார்த்ததே பெரிய மரியாதை.

பிறகு வாசலில் நின்று, "அதோ பாருங்க பனியாறு, வெயில்ல எப்படி மின்னுது!" என்று கையை நீட்டினாய். அன்றைய மூடுபனியில் எனக்குக் குடிலுக்குப் பக்கத்தில் இருக்கும் என் கழிவறையே தெரியவில்லை. அதையும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். நீ வேடிக்கை பேசும்போது உன் மீசையின் இடதுபக்கம் துடிக்கும். ஐம்பது வருஷமாக, பள்ளிக்கூடத்தில் மீசை இல்லாத காலத்திலிருந்தே, அந்தத் துடிப்பை எனக்குத் தெரியும். அன்றைக்குத் துடிக்கவில்லை.

உன் கண்ணுக்கு என்ன?

அக்டோபரில் குடிலைப் பூட்டியதும் வீக் ஊரில் உள்ள உன் வீட்டுக்கே வந்துவிடு என்று கேட்டிருக்கிறாய். ஒரு விதவை, ஒரு விவாகரத்துக்காரன், மலையடிவாரம் முழுக்கப் பேசிச் சிரிக்க நல்ல ஜோடி. வருகிறேன் என்று சொல்ல வாய் துடிக்கிறது. முதலில் இதற்குப் பதில் சொல்.

உன் ஹால்வெய்க்

&nbsp;

ஜூலை 2

ஹால்வெய்க் கண்ணே,

உன் கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்தேன். ஆட்டு மந்தையை மலையிலிருந்து இறக்குகிற வேலை போல இருந்தது. ஸ்காப்தி வாசித்துக் காட்டவா என்று கேட்டான். அவன்தான் ஏற்கெனவே படித்துவிட்டானே.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. மார்ச்சில் ரெய்க்யாவிக் போய்க் காட்டினேன். பார்வையின் நடுவில் ஓட்டை விழுந்துவிட்டதாம். அடைக்க முடியாதாம், பெரிதாகிக்கொண்டேதான் போகுமாம். ஓரத்தில் எல்லாம் தெரிகிறது. உன்னை நேராகப் பார்த்தால் நீ இல்லை. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் இருக்கிறாய். பெண்டாட்டியை இப்படிப் பார்த்துக்கொண்டே எத்தனையோ பேர் காலம் தள்ளுகிறார்கள்.

பயப்படாதே. இந்த மலை என் காலுக்குத் தெரியும். எந்தக் கருமணல் மேட்டில் மூச்சு வாங்கும், எந்த இடத்தில் கந்தக நெடி மூக்கில் ஏறும், எல்லாம் உடம்பிலேயே இருக்கிறது. கண் வெறும் அலங்காரம்.

என் பயணங்கள் முடிகிற ஆகஸ்ட் கடைசி வரை வாயை மூடிக்கொண்டிரு, அது போதும். பயணக் கம்பெனி அலுவலகத்துக்குத் தெரிந்தால் மறுநாளே இறக்கிவிடுவார்கள். மேலே இருக்கும்வரை நான் எய்விந்துர். கீழே இறங்கினால் சமையலறையில் வானொலி கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு கிழவன்.

உனக்காக மாடி அறைக்கு நீல வண்ணம் அடித்திருக்கிறேன். நீலம்தான் என்று கடைக்காரன் சத்தியம் செய்தான்.

உன் எய்விந்துர்

&nbsp;

மேல் மலைக்குடில்,
ஜூலை 12

அன்பு எய்விந்துர்,

அந்த நீலத்தை நினைத்து நினைத்துச் சிரித்தேன். அதற்குப் பிறகு இந்தக் கடிதத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு பெரிய வேலை என்று ஸ்காப்தியைக் கேள், அவன் என்னை நோயாளி என்றே நினைத்துவிட்டான். இருந்தும் மூடித்தான் வைத்திருந்தேன், நேற்று வரை.

என் குடிலுக்குக் கீழே வெந்நீர் ஓடையைப் பனி மூடிக் கிடக்கிறதே, எல்லாரும் பாலம் போல நடந்து வருகிற இடம். இந்த வருஷம் அதன் அடியில் புதிதாக ஓர் ஆவித் துளை திறந்திருக்கிறது. தண்ணீர் முன்னைவிடச் சூடு. பனி அடியிலிருந்து உருகிக்கொண்டே வருகிறது. மேலே பார்த்தால் பழைய பாலம்தான், நடுவில் மட்டும் சாம்பல் நிறத்தில் குழிந்திருக்கிறது. கண் உள்ளவர்கள் அதைப் பார்த்ததும் நின்றுவிடுவார்கள்.

நேற்று நீ நேராக அதன்மேல் ஏறினாய். உன் பின்னால் எல்லாரும் ஏறினார்கள். கடைசியாக வந்த டச்சு டீச்சரம்மாவுக்குத் தொடை வரை கால் உள்ளே போனது. தானே இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நீ முன்னால், எல்லாக் குழுவுக்கும் சொல்லுகிற தப்பியோடிய திருடன் கதையைச் சொல்லிக்கொண்டு போனாய். அவள் இங்கே வந்து காலணியைக் கழற்றினாள். கால் சிவந்திருந்தது. நான் களிம்பு தடவினேன். "நல்ல அனுபவம்ங்க, ஊருக்குப் போய்ச் சொல்லலாம்" என்று சிரித்தாள். இன்னும் ஒரு சாண் இறங்கியிருந்தால் ஊருக்கு வேறு யாராவதுதான் சொல்லியிருக்க வேண்டும்.

எய்விந்துர், உன் காலுக்குத் தெரிந்தது போன வருஷத்து மலை. நம் மலை ஒரு வருஷம் இருந்த மாதிரி மறு வருஷம் என்றைக்கு இருந்தது?

அலுவலகத்துக்கு நீயே சொல்லிவிடு. நீ சொன்னால் அது மரியாதை. நான் சொன்னால் கோள். எனக்குக் கோள் சொல்ல வராது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

உன் ஹால்வெய்க்

&nbsp;

ஜூலை 15

ஹால்வெய்க்,

பனியில் கால் புதையாத விருந்தாளியை எனக்குக் காட்டு. காசு கொடுத்து இங்கே வருவதே அதற்குத்தான். அவள் சிரித்தாள் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

உனக்கு என்ன வேண்டும் என்று இப்போதுதான் புரிகிறது. கைத்தாங்கலாக நடத்திப் போக ஒருத்தன் வேண்டும். புருஷன் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நீ ராணி மாதிரி இருந்தாய், ஊரே பார்த்தது. அவன் போனதிலிருந்து சோறூட்ட இன்னொரு வாயைத் தேடுகிறாய்.

அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதினாலும் அக்டோபரில் வராதே.

எய்விந்துர்

&nbsp;

மேல் மலைக்குடில்,
ஜூலை 20

எய்விந்துர்,

எழுதிவிட்டேன். நீ எழுதிய சோறு பற்றிய வரியைப் படித்த அன்றைக்கே எழுதினேன். ஆகவே அதில் எவ்வளவு உன் விருந்தாளிகளுக்காக, எவ்வளவு அந்த வரிக்காக என்று கேட்காதே, எனக்கும் தெரியாது.

வியாழக்கிழமை நீ என் பக்கம் திரும்பாமல் சூப் குடித்துவிட்டுப் போனாய். நான் இருந்த பக்கம் அதுதான் என்று உனக்குத் தெரிந்திருந்தது, அதுவரைக்கும் சந்தோஷம்.

இன்று பதில் வந்தது. முதலாளியம்மா என் அக்கறைக்கு நன்றி சொல்லியிருக்கிறாள். உன் கண் விஷயம் அவளுக்கு வசந்த காலத்திலேயே தெரியுமாம். நீ மருத்துவருக்குக் காத்திருந்த அறையில் அவள் மைத்துனியும் உட்கார்ந்திருந்தாளாம். இந்தத் தீவில் ரகசியம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்த உன்னைத்தான் சொல்ல வேண்டும். இந்தக் கோடைக்குச் சீட்டெல்லாம் உன் சிரித்த முகத்தைப் போட்டு விற்றாகிவிட்டதாம். "எப்படியும் சரியாயிடும்" என்று முடித்திருக்கிறாள்.

நான் உன்னை விற்கப் போனேன், வாங்க ஆளில்லை. நீ மட்டும் போய்விட்டாய்.

என்னோடு பேச வேண்டாம். அந்தப் பாலத்தில் மட்டும் ஏறாதே. மேட்டில் ஏறிச் சுற்றி வா, கூடுதலாக ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்துக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வா.

ஹால்வெய்க்

&nbsp;

ஜூலை 22

திருமதி ஹால்வெய்க் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார்கள். 'பாவம்' என்ற சொல் வந்த இடத்தில் கணக்கர் பெண் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

இனி என் குழு உங்கள் குடிலுக்குள் வராது. நாங்கள் வெளியிலேயே சாப்பிட்டுக்கொள்கிறோம். ஓடையைப் பொறுத்தவரை, இத்தனை வருஷமும் எங்கே கடந்தேனோ அங்கேதான் கடப்பேன். எனக்கு வழி சொல்ல வேண்டாம்.

எய்விந்துர் ஸ்டெய்னார்ஸன்
வழிகாட்டி

&nbsp;

மேல் மலைக்குடில்,
ஜூலை 25

எய்விந்துர்,

இதற்குப் பதில் வராது. நான் எழுத உட்கார்ந்ததைப் பார்த்ததுமே ஸ்காப்தி, "எதுக்கும்மா வீணா?" என்றான். அவன் பிரித்துப் படித்துவிட்டாவது உன்னிடம் சொல்வான் என்றுதான் எழுதுகிறேன்.

காலையில் கடப்பாறையும் மண்வாரியும் எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினேன். என் எடைக்கு அந்தப் பாலத்தின்மேல் போய் நின்றிருந்தாலே போதும், கடப்பாறை தேவைப்பட்டிருக்காது. கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு இடித்தேன். நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் விழுந்தது. நடுவில் என் உள்ளங்கை அளவுகூடத் தடிமன் இல்லை. கீழே தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மண்வாரியை ஊன்றித்தான் எழுந்தேன். முழங்கால்தான் காரணம் என்று வைத்துக்கொள்.

மதியம் உன் குழு வந்தது. நான் வாசலில் நின்றிருந்தேன். நீ வழக்கமான இடத்துக்கு வழக்கமான நடையில் வந்தாய். தடியை நீட்டினாய், அது ஒன்றிலும் படவில்லை. இன்னொரு முறை நீட்டினாய். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு உன் முதுகையே பார்த்தார்கள். நான் ஓடி வந்திருக்கலாம். வரவில்லை. சோறூட்ட வருகிறாள் என்று நீ நினைப்பாய்.

பிறகு நீ அவர்கள் பக்கம் திரும்பி, எனக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்கச் சொன்னாய்: "இந்தக் குடில்காரிக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குங்க. நல்லா இருந்த பாலத்தை இடிச்சுப் போட்டுட்டா. வாங்க, சுத்திப் போவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒருவர் பின் ஒருவராக மேட்டில் ஏறினார்கள். முதல் ஆளாக நீ, கடைசியில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு கிழவர். அவர் தலை மேட்டுக்கு அந்தப்புறம் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். ஒருவரும் குறையவில்லை.

ஹால்வெய்க்